குளூட்டன் இல்லாத அரிசி, சோள பிரெட்: வீட்டில் செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

கோதுமை பிரெட் செய்முறை ஒன்றை எடுத்து, மைதாவுக்குப் பதிலாக அதே அளவு அரிசி மாவைப் போட்டுப் பிசைந்தால் கிடைப்பது பிரெட் அன்று. மேலே வெடித்து, நடுவில் களியாகவும் ஓரத்தில் கல்லாகவும் இருக்கும் ஒரு கட்டிதான். புதிதாக முயல்பவர்களில் பலர் இந்த இடத்திலேயே சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். கோதுமையில் உள்ள கிளையடின், குளூட்டனின் என்னும் இருவகைப் புரதங்கள் தண்ணீரோடு சேர்ந்து பிசையப்படும்போது இழுபடக்கூடிய ஒரு வலையாகின்றன. அந்த வலைதான் குளூட்டன். ஈஸ்ட் வெளிவிடும் கரியமில வாயு அந்த வலைக்குள் சிக்கி மாவை உப்பச் செய்கிறது. அரிசியிலும் சோளத்திலும் அந்த வலை கிடையாது. ஆகவே வாயுவைப் பிடித்து வைக்க வேறொரு பொருளும், வெந்த பிறகு பிரெட்டின் உருவத்தைத் தாங்க வேறொரு வழியும் வேண்டும். இங்கே தரப்படும் செய்முறையில் முதல் வேலையை இசப்கோல் உமி செய்கிறது. இரண்டாவது வேலையை, போதிய தண்ணீரில் முழுமையாக வெந்து ஆறிய மாவுச்சத்து செய்கிறது.

தமிழ்ச் சமையலறைக்கு இது முற்றிலும் புதிய செய்தியும் அன்று. இட்லி மாவில் துளி குளூட்டன் இல்லை. உளுந்தின் வழுவழுப்பும் அதன் புரதமும் வாயுவைப் பிடித்து வைக்கின்றன. ஆவியில் அரிசியின் மாவுச்சத்து வெந்து இறுகி அந்த உப்பலை நிலைநிறுத்துகிறது. ஓவனில் செய்யப்போவதும் ஏறத்தாழ இதே வேலைதான். ஆனால் இட்லிக்குப் பத்து நிமிட ஆவி போதும். ஒரு கிலோவுக்குச் சற்றே குறைந்த எடையுள்ள பிரெட்டின் நடுப்பகுதிவரை சூடு சென்று சேர ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும்.

தொடங்கும் முன்: யாருக்காகச் செய்கிறோம்

உடல்நலத்துக்கு நல்லது என்று கேள்விப்பட்டுச் செய்பவருக்கும், சீலியாக் நோய் உள்ள குழந்தைக்காகச் செய்பவருக்கும் செய்முறை ஒன்றேயானாலும் கண்டிப்பு வேறு. சீலியாக் நோயில் குளூட்டனுக்கு எதிராக உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கிறது. கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே 1950-ஆம் ஆண்டு தம் ஆய்வேட்டில் விரிவாக நிறுவினார். இன்றுவரை அதற்கான அடிப்படைச் சிகிச்சை வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதுதான். ஒரு செய்தியை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: இந்த நோய் இருக்கலாம் என்ற ஐயம் உள்ளவர்கள் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதற்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்திவிட்டால் இரத்தத்தில் எதிர்ப்பொருள்களின் அளவு குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். முதலில் மருத்துவர், பிறகு பரிசோதனை, அதன் பிறகே உணவு மாற்றம்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத உணவே குளூட்டன் அற்றது என்ற பெயருக்கு உரியது. இந்த அளவைப் பார்த்தாலே, மாவு மில்லில் முந்தைய ஆள் கோதுமை அரைத்த இயந்திரத்தில் நம் அரிசியை அரைத்து வருவது ஏன் கூடாது என்பது விளங்கும். சீலியாக் உள்ளவருக்கான மாவைக் குளூட்டன் அற்றது என்று குறிப்பிட்ட பாக்கெட்டாக வாங்க வேண்டும், அல்லது வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொள்ள வேண்டும். சல்லடை, மரக்கரண்டி, பிரெட் டோஸ்டர் ஆகிய மூன்றும் வீட்டுக் கோதுமையைச் சுமந்து நிற்பவை. இவற்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. ரவை, சேமியா, சம்பா கோதுமை ஆகியவை கோதுமையே என்பது பலருக்கும் தெரியும். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருப்பதும், மால்ட் என்று எழுதிய எதுவும் வழக்கமாகக் குளூட்டன் உள்ள பார்லியிலிருந்து வருவதும் அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. ஓட்ஸில் கோதுமை கலக்க வாய்ப்பு அதிகம் என்பதால் இந்தச் செய்முறையில் அதைச் சேர்க்கவில்லை.

பொருள்கள்

ஏறத்தாழ 21 செ.மீ. நீளம், 11 செ.மீ. அகலம், 7 செ.மீ. உயரம் உள்ள ஒரு பிரெட் டின்னுக்கு வேண்டியவை:

பச்சரிசி மாவு 200 கிராம்
வெள்ளைச் சோள மாவு 100 கிராம்
மரவள்ளி ஸ்டார்ச் 100 கிராம்
இசப்கோல் உமி 22 கிராம்
இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம்
சர்க்கரை 15 கிராம்
உப்பு 7 கிராம்
எண்ணெய் 20 கிராம்
வினிகர் 1 தேக்கரண்டி
தண்ணீர் மொத்தம் 440 மில்லி

இந்த அளவுகளைக் கப் கணக்கில் மாற்ற வேண்டாம். அரிசி மாவை அழுத்தி அளந்தால் ஓர் எடை, தளர்வாக அளந்தால் வேறோர் எடை வரும். கோதுமை மாவு இந்த வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும், இந்த மாவு பொறுக்காது. ஒரு சிறிய டிஜிட்டல் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அழகிய டின்னையும் விலை உயர்ந்த மாவுக் கலவையையும் வாங்கும் முன் தராசை வாங்குங்கள்.

ஒவ்வொரு பொருளையும் ஏன் சேர்க்கிறோம் என்று தெரிந்திருந்தால் ஒன்று கிடைக்காதபோது தடுமாற வேண்டியிருக்காது. பச்சரிசி மாவுதான் பிரெட்டின் உடல். அது மிக நைசாக இருக்க வேண்டும். விரலிடையில் தேய்த்தால் நறநறவென்று இருக்கும் மாவு, வெந்த பிரெட்டிலும் அப்படியே இருக்கும். வீட்டில் அரைப்பவர்கள் அரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, துணியில் பரப்பி ஈரம் போக நிழலில் உலர்த்திய பின் அரைத்துச் சலித்தால், உலர்ந்த அரிசியை அப்படியே அரைத்ததைவிட மென்மையான மாவு கிடைக்கும். அந்த மாவு முழுமையாக உலர்ந்த பிறகே எடை போட வேண்டும். இல்லையென்றால் ஈரத்தையும் சேர்த்து மாவாகக் கணக்கிட்டுவிடுவோம். கடையில் கிடைக்கும் இடியாப்ப மாவு இதற்கு ஏற்றதல்ல. அது ஏற்கெனவே வறுக்கப்பட்டோ அவிக்கப்பட்டோ இருப்பதால் தண்ணீரை வேறு விதமாக இழுக்கும்.

வெள்ளைச் சோள மாவு சுவைக்காகவும், நார்ச்சத்துக்காகவும், பிரெட்டின் மேல் தோலின் நிறத்துக்காகவும். சோள மாவு என்று மட்டும் கேட்டால் சில கடைகளில் மக்காச்சோளத்து வெள்ளை ஸ்டார்ச்சைக் கொடுத்துவிடுவார்கள். பாக்கெட்டைப் பார்த்து வாங்க வேண்டும். மரவள்ளி ஸ்டார்ச் பிரெட்டுக்கு இழுவையையும் மென்மையையும் தருகிறது. சேலம் வட்டாரத்தில் ஜவ்வரிசி தயாரிக்கப் பயன்படும் அதே மாவுதான் இது. அது கிடைக்காதவர்கள் ஜவ்வரிசியை மிக்ஸியில் பொடித்துப் போடலாமா என்று கேட்பதுண்டு. போடலாம், ஆனால் ஜவ்வரிசி வறுபடும்போதே ஓரளவு வெந்துவிடுவதால் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும், பிரெட்டும் சற்றுப் பிசுபிசுப்பாகும். அதைவிட, கார்ன்ஃப்ளவர் என்று விற்கப்படும் மக்காச்சோள ஸ்டார்ச்சை அதே எடையில் சேர்ப்பது மேல்.

இசப்கோல் உமிதான் இங்கே குளூட்டனின் இடத்தை நிரப்புகிறது. மலச்சிக்கலுக்கு மருந்துக் கடையில் வாங்கும் அதே பொருள். பெருமளவு குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களில் விளைகிறது. தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சி, இழுத்தால் நீளும் ஒரு கூழாகும். மணமோ இனிப்போ சேர்க்காத வெறும் உமியாகப் பார்த்து வாங்க வேண்டும். பொடியாக்கிய உமி மட்டுமே கிடைத்தால் 22 கிராமுக்குப் பதிலாக 18 அல்லது 19 கிராம் போதும். சில வகை உமியால் பிரெட்டின் உட்புறம் லேசான ஊதா நிறமாக மாறும். சுவையில் குறையில்லை, அடுத்த முறை வேறு நிறுவனத்தின் உமியை வாங்கிப் பார்க்கலாம். மேல்நாட்டுச் செய்முறைகளில் அடிக்கடி வரும் சாந்தன் கம் என்ற பொருளும் மாவைப் பிணைக்கும் வேலையைச் செய்யும். ஆனால் அதை மட்டும் நம்பினால் கேக் போன்ற பதமே வரும். கையில் பிடித்து வெண்ணெய் தடவக்கூடிய பிரெட் துண்டுக்கு இசப்கோலே சிறந்தது.

ஈஸ்ட் புதிதாக இருக்க வேண்டும். திறந்த பாக்கெட்டை இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் சில மாதங்கள் வலுவிழக்காது. வினிகரின் லேசான புளிப்பு ஈஸ்டுக்கு உகந்தது. மால்ட் வினிகர் பார்லியிலிருந்து வருவது என்பதால் சாதாரண வெள்ளை வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ சேர்க்கலாம்.

செய்முறை

முதலில் இசப்கோல் கூழ். ஒரு பெரிய பாத்திரத்தில் 340 மில்லி தண்ணீரை ஊற்றி, உமியை ஒரே இடத்தில் கொட்டாமல் தூவியபடியே விஸ்கால் விடாமல் கலக்க வேண்டும். ஓரிரு நிமிடங்களில் தண்ணீர் இறுகத் தொடங்கும். பத்து நிமிடத்தில் கரண்டியோடு மொத்தமாக எழும்பி வரும் கூழாகிவிடும். உமியை உலர் மாவோடு கலந்து கடைசியில் தண்ணீர் ஊற்றும் முறையும் உண்டு. அதில் உமி சீராக ஊறாமல் ஆங்காங்கே கட்டி தட்டும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

கூழ் ஊறும் நேரத்தில், மீதமுள்ள 100 மில்லி தண்ணீரைக் கை பொறுக்கும் வெதுவெதுப்பில், அதாவது 38 முதல் 40 டிகிரியில் எடுத்துக்கொண்டு சர்க்கரையையும் ஈஸ்டையும் கரைத்து மூடி வைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் மேலே நுரை கட்ட வேண்டும். நுரை வரவில்லையென்றால் ஈஸ்ட் செத்துவிட்டது என்று பொருள். அதைக் கொண்டு மேலே போவது மாவையும் மின்சாரத்தையும் வீணாக்குவதே. இன்ஸ்டன்ட் ஈஸ்டுக்கு இந்தச் சோதனை தேவையில்லை என்று பாக்கெட்டில் எழுதியிருக்கும். ஆனால் நம் ஊர் வெயிலில் கடைகளில் அது எவ்வளவு நாள், எந்தச் சூட்டில் கிடந்தது என்று நமக்குத் தெரியாது.

மூன்று மாவுகளையும் உப்பையும் சேர்த்து இரண்டு முறை சலித்து, நிறம் ஒன்றாகும்வரை கலக்கவும். இந்த மாவுக் கலவையில் கூழ், நுரைத்த ஈஸ்ட் தண்ணீர், எண்ணெய், வினிகர் ஆகியவற்றைச் சேர்த்து, சுருள் கம்பி பொருத்திய ஹேண்ட் மிக்ஸரால் 4 முதல் 5 நிமிடம் அடிக்க வேண்டும். மிக்ஸர் இல்லாதவர்கள் கையாலேயே பிசையலாம். கூழ் எல்லா இடத்திலும் சமமாகப் பரவி, வெள்ளைத் திட்டுகள் மறையும்வரை அழுத்தி அழுத்திப் பிசைய வேண்டும், அதற்குப் பத்து நிமிடம் ஆகலாம். சப்பாத்தி மாவுபோல் கையில் ஒட்டாமல் திரண்டு வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உளுந்து வடைக்கு அரைத்த மாவைவிடச் சற்றுக் கெட்டியாக, ஈரக் கையில் உருட்டினால் உருண்டையாக நிற்கிற பதமே சரி. ஒட்டுகிறதே என்று மாவைத் தூவும் பழக்கத்தை இங்கே கட்டாயம் விட்டுவிட வேண்டும். பிரெட் வேகும்போது மாவுச்சத்து வெந்து இளகுவதற்கு அந்தத் தண்ணீர் முழுவதும் தேவைப்படும். அதைக் குறைத்தால் பிரெட் உலர்ந்து உதிரும்.

கலந்த மாவைப் பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டுப் பதத்தை மீண்டும் பார்க்க வேண்டும். அரிசி மாவு தண்ணீரை மெதுவாகவே இழுக்கும் என்பதால், கலந்தவுடன் தளர்வாகத் தெரிந்தது இப்போது கெட்டிப்பட்டிருக்கும். வடை மாவைவிட மிகவும் இறுகிப்போயிருந்தால் மட்டும் 20 மில்லி தண்ணீர் சேர்த்து மீண்டும் அடிக்கலாம்.

டின்னின் உள்ளே எண்ணெய் தடவி, இரு பக்கமும் வெளியே நீளும்படி பட்டர் பேப்பரை விரித்து, மாவை மூலைகள்வரை அழுத்தி நிரப்ப வேண்டும். இடையில் காற்று இடைவெளி இருந்தால் அது வெந்த பிரெட்டில் பொந்தாகத் தெரியும்; டின்னை மேடைமீது நாலைந்து முறை தட்டினால் பெரும்பாலானவை வெளியேறிவிடும். ஈரமான கையால் மேற்பரப்பை வழவழவென்று நீவிவிட வேண்டும். இந்த மாவின் மேற்பரப்பு தானாகச் சமன்படுவதில்லை. நாம் எப்படி விட்டோமோ அப்படியேதான் வேகும்.

அடுத்தது மாவு உப்பும் நேரம். கோதுமை மாவை ஒரு முறை உப்பவிட்டு, குத்தி அடக்கி, மறுபடி உப்பவிடுவார்கள். இங்கே ஒரே முறைதான், அதுவும் டின்னுக்குள்ளேயே. குத்தி வெளியேற்றிய வாயுவை மறுபடி அதே அளவு பிடித்து வைக்கும் வலு இசப்கோலுக்குக் குறைவு. ஈரத்துணியால் மூடி வைத்தால், சென்னையின் கோடையில் 35 முதல் 45 நிமிடத்திலும், ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில் ஒன்றேகால் மணி நேரத்திலும் தயாராகலாம். கடிகாரத்தைவிட மாவையே பார்க்க வேண்டும். முதலில் இருந்த அளவைப்போல் ஒன்றரை மடங்கு உயர்ந்தால் போதும். இரண்டு மடங்குவரை காத்திருந்தால் ஓவனில் மேலே எழுந்து பிறகு நடுவில் குழிந்துவிடும். மேற்பரப்பில் சிறு துளைகள் வெடிக்கத் தொடங்கியிருந்தால் ஏற்கெனவே சற்றுத் தாமதித்துவிட்டோம் என்று கொண்டு உடனே ஓவனில் வைக்க வேண்டும்.

ஓவனை அரை மணி நேரம் முன்பே 220 டிகிரியில், மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் சூடாகும்படி வைத்திருக்க வேண்டும். டின்னைக் கீழ்த் தட்டில் வைத்து, வெப்பத்தை 200 டிகிரிக்குக் குறைத்து 25 நிமிடமும், பிறகு 190 டிகிரியில் 35 முதல் 40 நிமிடமும் வேகவிட வேண்டும். ஓடிஜி எனப்படும் சிறிய மின் ஓவன்களில் மேல் கம்பி பிரெட்டுக்கு மிக அருகில் இருப்பதால், மேல் தோல் பொன்னிறமானவுடன் அலுமினியத் தாளைத் தளர்வாக மூட வேண்டியிருக்கும். நிறம் வந்துவிட்டது என்று நேரத்தைக் குறைக்கக் கூடாது.

வெந்துவிட்டதா என்று அறிவதில்தான் இந்த பிரெட் பலரை ஏமாற்றுகிறது. குச்சி குத்திப் பார்ப்பது கேக்குக்குப் பொருந்தும். இசப்கோல் கூழ் குச்சியில் எப்போதும் சற்று ஒட்டும். தட்டிப் பார்த்து ஓசை கேட்பதும் அனுபவப்பட்டவர்களுக்கே கைகொடுக்கும். சமையல் வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 97 அல்லது 98 டிகிரியைத் தொட வேண்டும். அது இல்லாதவர்களுக்குத் தராசு உதவும்: மாவு நிரம்பிய டின்னை ஓவனில் வைக்கும் முன் எடை போட்டுக் குறித்துக்கொண்டு, வெந்த பின் டின்னோடு மறுபடி எடை போட்டால் 90 கிராமாவது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லையென்றால், டின்னிலிருந்து பிரெட்டை வெளியே எடுத்து, வெறும் கம்பித் தட்டின்மேல் வைத்து மேலும் 10 நிமிடம் வேகவிடலாம். எடை சரியாக இருந்தாலும் கடைசி 5 நிமிடம் இப்படிச் செய்வது பக்கத் தோல்களையும் மொறுமொறுப்பாக்கும்.

பிறகு கம்பித் தட்டில் ஆறவிட வேண்டும். குறைந்தது 3 மணி நேரம் அதை வெட்டக் கூடாது. வீட்டில் மணம் பரவியிருக்கும்போது இது கடினமான கட்டளைதான். ஓவனிலிருந்து வந்த பிரெட்டின் உள்ளே மாவுச்சத்து இன்னும் கூழ் நிலையிலேயே இருக்கும். ஆறும்போதுதான் அது இறுகி உருவம் பெறுகிறது. சூடாக வெட்டினால், சரியாக வெந்த பிரெட்கூட வேகாததுபோல் கத்தியில் அப்பிக்கொள்ளும்.

ஓவன் இல்லாத வீட்டில்

அடிகனமான பெரிய பாத்திரத்தில் ஒரு அங்குல உயரத்துக்கு உப்பைப் பரப்பி, மேலே ஒரு தாங்கியை வைத்து, மூடி 15 நிமிடம் மிதமான தீயில் சூடாக்கிய பின் சிறிய டின்னை உள்ளே வைத்து வேகவிடலாம். குக்கரைப் பயன்படுத்தினால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். மேலே சொன்ன அளவில் பாதியை மட்டும் செய்து, உயரம் குறைவான வட்ட டின்னில் ஊற்றினால் 50 முதல் 60 நிமிடத்தில் வேகும். மேல் தோல் வெளிறியே இருக்கும். ஆறிய பின் துண்டுகளாக வெட்டித் தோசைக்கல்லில் வாட்டினால் அந்தக் குறை தெரியாது.

பிசகினால் எங்கே பார்ப்பது

நடுவில் ஈரமாகப் பிசுபிசுத்தால், முதலில் ஐயப்பட வேண்டியது வேகும் நேரத்தை. அடுத்து, ஆறுவதற்குமுன் வெட்டியதை. தண்ணீரைக் குறைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும், அதுவும் ஒரு முறைக்கு 20 மில்லிக்கு மேல் வேண்டாம். மேல்பகுதி குழிந்திருந்தால் அதிகம் உப்பவிட்டிருக்கிறோம். செங்கல்போல் கனத்து, பக்கவாட்டில் வெடித்திருந்தால் மாவு இறுகலாக இருந்திருக்கும், இல்லையேல் உப்புவதற்கு நேரம் போதாமல் போயிருக்கும். மேல் தோலுக்கும் உள்பகுதிக்கும் நடுவில் நீண்ட பொந்து விழுந்தால் மேல் கம்பியின் சூடு அதிகம். டின்னை இன்னும் கீழே இறக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால்தான் எது காரணம் என்று புரியும்.

மாற்றங்கள்

முட்டை சேர்ப்பவர்கள் கூழுக்கான தண்ணீரில் 90 மில்லியைக் குறைத்து இரண்டு முட்டைகளை அடித்துச் சேர்க்கலாம். பிரெட் இன்னும் இலேசாகும், துண்டுகளும் உடையாது. சோளத்துக்குப் பதிலாகக் கேழ்வரகு மாவைப் போட விரும்பினால் 60 கிராமோடு நிறுத்தி, மீதியைச் சோளமாகவே வைத்துக்கொள்வது நல்லது. முழுவதும் கேழ்வரகானால் பிரெட் கனத்துவிடும். கம்பு மாவு அதன் கொழுப்புச் சத்தால் விரைவில் கசந்துபோகும் என்பதால் அன்றன்று அரைத்ததாக இருந்தால் மட்டும் சேர்க்கலாம். அரிசி மாவில் 30 கிராமைக் குறைத்து உளுந்து மாவைச் சேர்த்தால் புரதம் கூடும், உட்புறமும் மெத்தென்றிருக்கும். பயறு வாசனை பிடிக்காதவர்கள் எள்ளையோ ஓமத்தையோ தூவிச் சமாளிக்கலாம்.

சேமிப்பு

அரிசி மாவுச்சத்து ஆறிய பின் விரைவாக விறைக்கும், ஃபிரிட்ஜின் குளிரில் இன்னும் விரைவாக விறைக்கும். எனவே முதல் நாளுக்கு வேண்டியதைத் துணியில் சுற்றி வெளியே வைத்துவிட்டு, மீதி முழுவதையும் அன்றே துண்டு போட்டு, இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து ஃபிரீசரில் வைத்துவிட வேண்டும். ஒரு மாதம்வரை நன்றாக இருக்கும். உறைந்த துண்டை உருகவிடாமல் நேராகத் தோசைக்கல்லிலோ, குளூட்டன் இல்லாத பிரெட்டுக்கென்றே வைத்திருக்கும் டோஸ்டரிலோ வாட்டினால், சூட்டில் மாவுச்சத்து மறுபடி இளகிப் புதிதாகச் செய்தபோது இருந்த மென்மை பெருமளவு திரும்பிவிடும். பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் சாண்ட்விச்சுக்கும் வாட்டிய துண்டுகளே ஏற்றவை. வாட்டாதது மதியத்துக்குள் உதிரத் தொடங்கும். ஓரத் துண்டுகளையும் உடைந்தவற்றையும் 120 டிகிரியில் உலர்த்திப் பொடித்து வைத்துக்கொண்டால் கட்லெட்டின்மேல் புரட்டுவதற்கு ஆகும். கடையில் கிடைக்கும் பிரெட் தூள் பெரும்பாலும் கோதுமையில் செய்தது என்பதால் சீலியாக் உள்ள வீட்டில் இதற்குத் தேவை அதிகம்.